ஈசானிய மூலையில் ஒரு கறுப்பு மீன்

மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. வேதநாயகி முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தாள். போகவில்லை. நேற்று வாலில் மட்டும் இருந்தது. இன்றைக்கு முதுகுத் துடுப்பில், செவுள் மூடியில், அந்தப் பிதுங்கிய கண்ணுக்குக் கீழே, யாரோ பொடியுப்பைக் கிள்ளித் தூவிவிட்டுப் போன மாதிரி வெள்ளை வெள்ளையாக. மற்றதெல்லாம் பொன்னிற மீன்கள். அதுகள்மேலும் இருக்கும், ஒரே தண்ணீர்தானே, இல்லாமல் எங்கே போகும். ஆனால் பொன்மேல் வெள்ளை சட்டென்று கண்ணுக்கு அகப்படாது, உற்றுப் பார்க்க வேண்டும், இந்த வீட்டில் யார் அதுகளை உற்றுப் பார்க்கிறார்கள். எல்லாக் கண்ணும் கறுப்பின்மேல்தான். அது தொட்டியின் அடிக்குப் போய்க் கூழாங்கல்லில் விலாவை ஒருமுறை உரசியது, பட்டென்று திரும்பி மறுவிலாவை உரசியது. கை இல்லாத ஜீவன், அரித்தால் வேறென்ன செய்யும். பிறகு மேலே வந்து, தண்ணீர் முடிகிற இடத்தில் வாயை வைத்து, திறந்து திறந்து மூடியது. குளியலறையில் வாளியில் சொம்பு இடிக்கிற சத்தம். கணவர் சிவசைலம் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே நேரே இங்கேதான் வருவார். வந்து, கறுப்பு எப்படி இருக்கு என்று கேட்பார். எப்படி இருக்கு என்பது அவர் கேட்கும் கேள்வி இல்லை. செத்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

வியாழக்கிழமை அவருக்கு நெஞ்சைத் திறக்கிறார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. டாக்டர் ஒரு தாளில் இதயத்தை மாங்காய்போல வரைந்து, பேனாவால் குத்திக் குத்திக் காட்டினார்; அப்போது சிவசைலம் தாளைப் பார்க்கவில்லை, பேனாவையும் பார்க்கவில்லை, டாக்டருக்குப் பின்னால் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்டதும் திருநெல்வேலியிலிருந்து அவர் தங்கை கோமதி ரயிலேறி வந்தாள். வந்தவள் தனியாக வரவில்லை, வாஸ்து பார்க்கிற ஒரு மனிதரின் யோசனையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் ஈசானிய மூலையில் மீன்தொட்டி வைக்க வேண்டும், எட்டுப் பொன்மீன், ஒரு கறுப்பு. வீட்டுத் தலைவனுக்கு வருகிற கண்டத்தைக் கறுப்பு தன்மேல் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு செத்துப்போகும். செத்தால் நல்லது. அண்ணனுக்கு வந்தது அதோடு போயிற்று. இதைக் கோமதி அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள், கீரைக்காரியிடம் விலை விசாரித்த அதே குரலில். முழுக்க முழுக்க அந்தக் குரலில். வேதநாயகிக்கு இன்றைக்கும் அந்தக் குரல்தான் திரும்பத் திரும்ப வருகிறது, சொன்ன விஷயம் அல்ல. வாங்கிக்கொண்டு போகும். காய் வாங்கிக்கொண்டு போவதுபோல. கடன் வாங்கிக்கொண்டு போவதுபோலக்கூட இல்லை, அதில் திருப்பித் தருவது என்று ஒன்று இருக்கிறது.

கொளத்தூர் மீன் கடையில் வாங்கி, பிளாஸ்டிக் பைகளில் காற்றடைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வழியில் சாலை வெட்டிப் போட்டிருந்தார்கள், நேரமாகிவிட்டது. பையோடு கொஞ்ச நேரம் தொட்டியில் மிதக்க விட வேண்டும், அந்தத் தண்ணீருக்கும் இந்தத் தண்ணீருக்கும் சூடு ஒன்றாக வேண்டும், கடைத் தண்ணீர் தொட்டியில் விழவே கூடாது என்று வேதநாயகி சொன்னாள். சொன்னாள்தான். "எமகண்டம் பிறந்துரும் மதினி, ஊத்துங்க ஊத்துங்க" என்று கோமதி கத்தரியால் பையை வெட்டினாள். ஒவ்வொரு பையும் தொபுக்கென்று காலியானது. கடைத் தண்ணீர், கடை அழுக்கு, கடையின் நோய், எல்லாம் எமகண்டத்துக்கு முன்னாலேயே நல்ல நேரத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஈசானிய மூலை ஏ.சி.க்கு நேர் கீழே. அவருக்கு இப்போதெல்லாம் உடம்பு எரிகிறது என்று ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிறுத்துவார், திடீரென்று போடுவார், தண்ணீர் குளிர்ந்தும் வெதுவெதுத்தும் அலைக்கழியும். தொட்டியை அந்தப் பக்கம் நகர்த்தலாமே என்றாள். மூலை மாறினால் பலனில்லை என்று கோமதி. நோய் வரவழைக்க வேண்டுமென்று உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. யோசித்துத்தான் செய்தார்களோ. இல்லை, அப்படி இல்லை, அவ்வளவு தூரம் கோமதிக்குத் தெரியாது. தெரியாமல் செய்கிறவர்கள் கையில்தான் எல்லாம் இப்படிச் சரியாக அமைந்துவிடுகிறது.

வெள்ளைப்புள்ளி நோய். அவள் கல்லூரியில் விலங்கியல் படித்தவள், இந்தப் பூச்சியைப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். சுற்றிலும் மயிர் போன்ற இழைகள், நடுவே குதிரை லாடம் மாதிரி வளைந்த உட்கரு. லாடத்தை அழகாகப் போட்டிருக்கிறாய் என்று பேராசிரியை சொன்னது ஞாபகம் இருக்கிறது, அவள் பெயர் ஞாபகம் இல்லை, அவள் கட்டியிருந்த ஊதாச் சேலை ஞாபகம் இருக்கிறது. அந்தப் படிப்பு அதற்குப்பின் எதற்கும் உதவவில்லை, கோழி வெட்டும்போது ஈரல் எது என்று சொல்லத் தவிர. இப்போது உதவுகிறது. புள்ளி என்று கண்ணுக்குத் தெரிவது மீனின் தோலுக்கு அடியில் குடியிருப்பது. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் தொடாது. தின்று கொழுத்துத் தானாகவே உதிரும். உதிர்ந்ததும் மீன் பளபளவென்று ஆகிவிடும், குணமாகிவிட்டது என்று பார்க்கிறவர்கள் கையைத் தட்டுவார்கள். உதிர்ந்தது அடியில் கூழாங்கல் இடுக்கில் ஓடு கட்டிக்கொண்டு உட்கார்ந்து, உள்ளுக்குள்ளேயே நூறாய் ஆயிரமாய்ப் பிளந்து, ஓட்டை உடைத்துக்கொண்டு கிளம்பும்; கிளம்பி மீன் தேடி அலைகிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் அதைக் கொல்ல முடியும். வேறு எப்போதும் முடியாது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கினால் எல்லாம் சீக்கிரம் நடக்கும், உதிர்வதும் பிளப்பதும் கிளம்புவதும். சூடான தண்ணீரில் காற்று குறையும், ஆகவே குமிழியைக் கூட்ட வேண்டும். வடிகட்டியிலிருக்கிற கரியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தைக் கரி குடித்துவிடும். அடியைக் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். ஒரு மீனுக்குத்தான் வந்திருக்கிறது என்று எண்ணாமல் மொத்தத் தொட்டிக்கும் மருந்து. புள்ளி மறைந்த பிறகும் விடக்கூடாது. ஒருமுறை மறைந்தது. போன வாரம். கறுப்பு கழுவிவிட்ட மை மாதிரி சுத்தமாக இருந்தது. சிவசைலம் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சரியாயிட்டா?" என்றார். அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்தது, ஏமாற்றம் இருந்தது, ரேஷன் கடையில் நம் முறை வரும்போது சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று கேட்டவனின் முகம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு புள்ளிகள் திரும்பின, முதலில் வாலில். அவருக்குப் பசி எடுத்தது.

இந்த மனிதர்தான். மின்வாரியத்தில் இருந்த காலத்தில் ஆயுதபூஜைக்குப் பொரி தின்பாரே தவிர விழுந்து கும்பிட மாட்டார். அவள் கையில் கயிறு கட்டினால், "மின்சாரம் பாயாம இருக்க இன்சுலேஷனா?" என்று கேட்டுச் சிரிப்பார், வீட்டுக்கு வந்தவர்களையும் சிரிக்க வைப்பார். பிள்ளை தங்காமல் இரண்டு முறை கலைந்தபோது அவள் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாள், போக விடவில்லை. கடலில் போய்க் காலை நனைத்தால் கர்ப்பப்பை கெட்டியாகுமா, படித்தவள்தானே நீ. படித்தவள்தான். படித்தவள் என்ற ஒன்றையே அவர் அவளைக் குட்டுவதற்கு வைத்திருந்தார், வேறு எதற்கும் எடுத்ததில்லை. அவர் சொன்னது சரியாகவும் இருந்தது, அதுதான் கசப்பு, கடலில் காலை நனைத்தால் கெட்டியாகாது. அப்படிப்பட்டவர் இப்போது விடிந்ததும் மீன்தொட்டி முன்னால் நிற்கிறார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. பயம் வந்தால் மனிதன் இவ்வளவு சின்னவனாகிவிடுகிறானா. பாவமாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று அவள் உள்ளுக்குள் தடவிப் பார்த்தாள், இருட்டில் தீப்பெட்டி தேடுவதுபோல. கிடைத்தது வேறு ஏதோ. அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அப்படியே வைத்துவிட்டாள்.

தொட்டிக்கு மேலே சுவரில் சண்பகம். அவருடைய முதல் மனைவி, பிளாஸ்டிக் மாலைக்குள் இருபத்திரண்டு வயதோடு. கயத்தாறு பக்கம் அவர் போன பஸ் உருண்டு, கூட இருந்தவர்களெல்லாம் போய், அவர் மட்டும் கீறலோடு எழுந்து வந்தார். அந்த மாதமே சண்பகத்துக்கு மஞ்சள்காமாலை. வேதநாயகி இரண்டாந்தாரமாக வந்த அன்று, விளக்கேற்றச் சொல்லிவிட்டு மாமியார் அந்தப் படத்தைக் காட்டினாள். "எம் மவனுக்கு வந்ததைத் தான் வாங்கிட்டுப் போயிட்டா, மவராசி." மெச்சித்தான் சொன்னாள். மாமியார் யாரையாவது மெச்சிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப்பின் அவருக்கு ஒரு தலைவலி வந்தால்கூட வேதநாயகிக்குத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஒரு தை மாதம் அவருக்கு வேலையில் பெரிய விசாரணை, அதே சமயம் இவளுக்கு டைபாய்டு. மாமியார் கட்டிலருகே வந்து வந்து நின்றாள். கஞ்சி கொண்டுவந்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், எல்லாம் செய்தாள். ஆனால் அந்தப் பார்வை. அன்றைக்கு ஜுரத்தில் அது என்ன பார்வை என்று விளங்கவில்லை, கனிவு என்றுகூட நினைத்திருந்தாள். இந்தத் தொட்டி வந்த பிறகுதான் விளங்கியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்கட்டும் என்று நிற்பவளின் பார்வை. இல்லை, அபாண்டமாகச் சொல்லக்கூடாது, அவள் செத்துப் போய்விட்டாள். அபாண்டம்தானா? ஜுரம் இறங்கியது, விசாரணையில் அவருக்குத் தண்டனையாக மாறுதல் உத்தரவு வந்தது. மாமியார் ஒருவாரம் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பிவிட்ட கோமதி நேற்று போனில் கேட்டாள், மீனுக்கு ஏதும் வைத்தியம் செய்கிறீர்களா என்று. மீன் மருந்து என்று ஒன்று விற்கிறதாமே. "செஞ்சிராதீங்க மதினி. நீங்க படிச்சவங்க, கை சும்மா இருக்காது. அது பாட்டுக்கு வாங்கிட்டுப் போவட்டும். நீங்க மறிச்சிட்டீங்கன்னா அது எங்க போவும்? அண்ணன்கிட்டேயே திரும்பிரும்." சரி என்றாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் நீல மருந்து இருந்தது. மருந்தோடு ஒரு சின்ன வலை, ஒரு கையடக்கக் காற்று மோட்டார். கடையில் இதையெல்லாம் வாங்கும்போது, ஏன் வாங்குகிறேன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேள்வி வருகிறது, விட மாட்டேன் என்கிறது. இது பூச்சி, இதற்கும் அவர் நெஞ்சுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று தெரிந்தவளுக்கு மருந்தூற்றுவதில் என்ன தயக்கம்? தயங்குகிறாள். அப்படியானால் எங்கேயோ நம்புகிறாள். நம்பிக்கொண்டே மீனைப் பிழைக்கவைக்க நினைக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம். அங்கே வந்து நினைவு நின்றுவிடுகிறது, செருப்பில் முள் ஏறினமாதிரி. அடுத்த அடி வைக்க முடியவில்லை. வியாழக்கிழமை மேசையிலேயே அவருக்கு ஏதாவது ஆகி, இந்த மீன் இங்கே நீந்திக்கொண்டிருந்தால், கோமதி என்ன சொல்வாள் என்று தெரியும், பால் தெளிக்க வருகிறவர்கள்வரை எல்லோரும் சொல்வார்கள். அது பயம். அதற்கும் கீழே ஒன்று. அவர் இல்லாத வீட்டில் ஏ.சி. நின்றுவிட்ட பிறகு எப்படி அமைதியாக இருக்கும் என்று ஒரு மதியம், கரண்ட் போனபோது, நினைத்துவிட்டாள். கரண்ட் வந்ததும் நினைப்பு போய்விட்டது. போய்விட்டதா, அடியில் போய் உட்கார்ந்துகொண்டதா.

கறுப்பு ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது. நேர்நிமிர முயன்றது, சாய்ந்தது. ஒரு பொன்மீன் வந்து அதன் வாலைக் கடித்து இழுத்துப் பார்த்தது. வேதநாயகி எழுந்தாள். யோசித்து எழுந்ததாகச் சொல்ல முடியாது. முழங்கால் தானாக நிமிர்ந்தது. மாவு டப்பாவை நகர்த்தி மருந்தை எடுத்தாள், தொட்டியின் கரிப்பையை உருவி எறிந்தாள், அளந்து ஊற்றினாள்; தண்ணீரில் நீலம் ஒரு பெருமூச்சுபோலப் பரவியது. தொட்டியோடு வந்து போடாமலே கிடந்த ஹீட்டரைக் குறைந்த சூட்டில் போட்டாள். மற்றதுகளுக்கு இந்த மருந்து போதும், கறுப்பு மருந்து பிடிப்பதற்குள் போய்விடும், இதைத் தனியே வைத்துக் கல்லுப்புத் தண்ணீரில் தேற்ற வேண்டும். வலையில் ஏறியபோது அது துள்ளவில்லை. அந்த எடை அவளைத் திடுக்கிட வைத்தது, ஒன்றுமே இல்லை, ஒரு உளுந்தவடைகூட இல்லை. இதன்மேல் போய் ஓர் ஆள் கண்டத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில், வாஷிங் மெஷினுக்கு அந்தப்புறம், வாளியில் விட்டு மோட்டாரைப் பொருத்தினாள். கையில் காய் நறுக்கிய காயம், உப்பு பட்டு எரிந்தது. குளியலறைக் கதவு திறந்தது.

"ஏளா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவர் தொட்டிக்கு முன்னால் நின்றார், இடுப்பில் ஈரத்துண்டு, தண்ணீரின் நீலம் அவர் கண்ணில் படவே இல்லை, விரலை நீட்டி மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. ஒருதரம் எண்ணி, சந்தேகப்பட்டு மறுதரம். திரும்பினார். அந்த முகத்தை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பாஸானவர்களில் தன் பெயரை வாசித்துவிட்டார்களா என்று கேட்கிற பிள்ளையின் முகம்.

"போயிட்டா?"

வாளியில் இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உப்புத் தண்ணீரில், பின்பக்கம், உயிரோடு. வார்த்தைகள் வரிசையாக நின்றன. "ம்" என்றாள்.

"எப்பளா?"

"இப்பதான். நீங்க குளிக்கையில."

"எங்க போட்டே?"

"கீழ, வேப்பமரத்தடியில."

அவர் சோபாவில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நெஞ்சுதான் பிடித்துக்கொண்டதோ என்று அவள் ஓடினாள், அழுதுகொண்டிருந்தார். "பாவம்ளா" என்றார். "வாயில்லா ஜீவன். எனக்காவப் போயிருக்கு பாரு. எனக்காவ." மூக்கை உறிஞ்சினார். "யாரு செய்வா?"

அவள் நின்றுகொண்டிருந்தாள். யாரு செய்வா. சுவரில் சண்பகம் பிளாஸ்டிக் மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி இவர் ஒருநாள், ஒரு வார்த்தை, இந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு... இல்லை, இவள் கேட்டதில்லை. திவசத்தன்று வடை மொறுமொறுவென்று இல்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். பஸ் உருண்ட கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், டிரைவர் பெயர், பஸ்ஸின் நிறம், சிதறிக் கிடந்த கருப்பட்டிச் சிப்பம். அந்தக் கதை அவர் எழுந்து நடக்கிற இடத்தில் முடிந்துவிடும்.

"இட்லி வைக்கியா? நல்லாப் பசிக்கி."

வைத்தாள். தின்றார். சட்னியை வழித்துத் தின்றார். தின்றுகொண்டே தங்கைக்குப் போன் போட்டார், "போயிட்டு, கோமு! போயிட்டு!" என்றார், குரல் இளசாகிவிட்டது, தேர்தலில் ஜெயித்தவன் குரல். பிறகு போனை நீட்டினார், உன்கிட்டப் பேசணுமாம்.

"மதினி, நான் சொன்னேம்லா?" கோமதியும் அழுதாள். "நீங்க மருந்து கிருந்துன்னு மறிக்காம விட்டீங்களே, அந்த மனசு யாருக்கு வரும். எங்க அம்மை இருந்தா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பா. தாலியைக் காப்பாத்திட்டீங்க மதினி."

"சரி கோமதி."

"சாயந்திரமே இன்னொரு கறுப்பு வாங்கி விட்டுருங்க. நாலரைக்கு மேல நல்ல நேரம்."

"சரி."

அவர் மூன்றாவது இட்லிக்குத் தட்டை நீட்டினார். வைத்துவிட்டு, துணி ஊறப்போட வேண்டும் என்று பின்பக்கம் போனாள். அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து சட்டை எங்கே போய் வெளுத்து வருகிறது என்று அவர் பார்த்ததில்லை. எதை வேண்டுமானாலும் இங்கே வைக்கலாம். வாளிமேல் போட்டிருந்த துணியை விலக்கினாள். கறுப்பு இன்னும் சாய்ந்துதான் இருந்தது, ஆனால் அடியில் கிடக்கவில்லை. செவுள் அடித்துக்கொண்டிருந்தது, வேகமாக, கோபமாக என்றுகூடச் சொல்லலாம். பிழைக்கும் என்று சொல்ல முடியாது. பிழைக்காது என்றும் சொல்ல முடியாது. பிழைத்தால் இனிமேல் அதைத் தொட்டிக்குக் கொண்டுபோக முடியாது, யார் கண்ணிலும் படாமல் இந்த மூலையிலேயே வைத்து வளர்க்க வேண்டும். வியாழக்கிழமை அவர் பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி, அதற்கும் இதற்கும் பேச்சில்லை. அவளுக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து, தண்ணீருக்குக் கிட்டத்தில் வாயை வைத்து, மெல்லச் சொன்னாள்:

"நீ செத்தாச்சுடி. இனி உன்மேல யாரும் எதையும் ஏத்த முடியாது. நிதானமா மூச்சு விடு."

"வேதா, தண்ணி!" என்று உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார்.

அவள் எழுந்துகொள்ளவில்லை.